கொளஞ்சி அக்காவின் இடது கை

போன மாதம் ஒரு முற்பகலில் என் கைபேசித் திரையில் கொளஞ்சி அக்காவின் பெயர் வந்தது. பக்கவாதத்தில் விழுந்து எழுந்த ஒருவரை அப்போது நிற்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வழக்கம்போல “சொல்லுங்கக்கா” என்றேன். மறுமுனையில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு அவருடைய மகள் தமிழ்ச்செல்வியின் குரல் வந்தது. “மேடம், அம்மா இல்ல” என்றாள். போனை வீட்டில் வைத்துவிட்டு அக்கா எங்கோ போயிருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எங்கே போயிருக்கிறார்கள் என்றுகூடக் கேட்டேன். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு உறைத்தது.

பருத்திக் காட்டில் விழுந்துவிட்டார் என்றாள். தூக்கிக்கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னாராம்.

நான் பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். எங்கள் அறைக்கு வந்துபோனவர்களில் பலருக்குக் கொளஞ்சி அக்காவைத் தெரியும். இயந்திரத்தில் கையையோ விரல்களையோ விட்டுவிட்டு வந்தவர்கள், கல் குவாரியில் கால் போனவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். சன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து, இடது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரில் இருப்பவரை நேராகப் பார்த்துப் பேசும் அந்தப் பெண்மணியை நீங்கள் மறந்திருக்க முடியாது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று மதியமே குன்னம் பஸ்ஸில் ஏறி அவருடைய ஊருக்குப் போனேன். நான் போனபோது உடலைக் குளிர்பெட்டியில் வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இறந்தவரின் இரண்டு கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கிழித்த துணி நாடாவை வைத்துக்கொண்டு உறவுக்காரப் பெண் ஒருவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கட்டுவதற்கு ஒரு கட்டைவிரல்தான் இருந்தது. அக்காவின் கணவர் சின்னதுரை அண்ணன் அந்த நாடாவை வாங்கிக்கொண்டார். வலது கையை மார்பின் மேல் மடக்கி, முழங்கைக்குக் கீழே முடிந்துபோகும் இடது கையை அதன்மீது வைத்து, இரண்டையும் சேர்த்துத் தளர்வாகச் சுற்றினார். இறுக்கிக் கட்டும்படி பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

“அந்தக் கையில இறுக்குனா அவளுக்கு ஆவாது” என்றார் அண்ணன்.



அக்காவுக்கு அந்த விபத்து நடந்தது ஒரு ஜின்னிங் மில்லில். வயல்களிலிருந்து வரும் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கும் ஆலை அது. பருத்தி எடுக்கும் பருவத்தில் மட்டும் ஓடும். சுற்றுவட்டாரப் பெண்கள் அந்த மாதங்களில் கூலிக்குப் போவார்கள். பருத்தியை அள்ளி இயந்திரத்தின் வாயில் போடுவது அக்காவின் வேலை. ஈரப் பருத்தி வந்தால் உள்ளே அடைத்துக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தினால் மேற்பார்வையாளர் சத்தம் போடுவார் என்பதும் தெரியும். அதனால் ஓடும்போதே கையை விட்டுத்தான் எடுப்பார்கள். மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில் அக்காவின் இடது கை உள்ளே போனது.

மில் வேனிலேயே திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சைக்கு மில்தான் செலவு செய்தது. தையல் பிரித்தார்கள், புண் ஆறியது, கை போனதற்கான நஷ்ட ஈடும் கிடைத்தது. இதை அக்கா யாரிடமும் மறைத்ததில்லை. “கைக்குக் குடுத்தாங்க மேடம், இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிடும்” என்பார்.

வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

யாரோ எழுதிக் கொடுத்த சீட்டோடு அவர் எங்கள் அறைக்கு முதன்முதலாக வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். வெட்டுப்பட்ட முனையைத் தொட்டுக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வலது கையை நீட்டி, முனைக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே தொட்டுவிடாமல், சற்று மேலேயே விரலை நிறுத்திக்கொண்டார்.

“இங்க. விரலெல்லாம் உள்ள மடங்கிக் கெடக்கு. நகம் உள்ளங்கையில குத்துது. பிரிச்சு விடணும்போல இருக்கு, பிரிக்க முடியல.”

ஒரு உறுப்பை இழந்தவர்களுக்கு அந்த உறுப்பிலேயே வலி வருவது மருத்துவத்துக்குப் புதிதல்ல. மூளைக்குக் கை போனது தெரியாது. அது கையைத் தேடிக்கொண்டே இருக்கும். பாடப்புத்தகத் தமிழில் இதை மாய உறுப்பு வலி என்பார்கள். அக்காவிடம் அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. “மாயம்னா மந்திரக்காரன் பண்றது மேடம். இது எங்கையி” என்றார். அதன்பிறகு அந்த அறையில் நாங்கள் யாரும் அந்தப் பெயரைப் பயன்படுத்தவில்லை.

கண்ணாடியை வைத்து இந்த வலிக்குச் செய்கிற ஒரு பயிற்சி உண்டு. கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் சொல்லி அறுத்து வாங்கி, குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில் பொருத்தினேன். குறைபட்ட கையைப் பெட்டிக்குள் மறைத்துவிட்டு, நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைக்க வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டு கைகளும் இருப்பதுபோலத் தெரியும்.

இதையெல்லாம் முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருந்தேன். ஆனாலும் கண்ணாடியைப் பார்த்ததும் அக்கா அப்படியே உறைந்துவிட்டார்.  வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, அவர் என்னைப் பார்க்காமல் கண்ணாடியிடம் பேசினார்.

“வந்துட்டியா.”

மெதுவாகத்தான் சொன்னார். அடுத்த கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். வலது கையை மூடச் சொன்னேன், பிறகு மெல்ல ஒவ்வொரு விரலாகத் திறக்கச் சொன்னேன். கண்ணாடிக்குள்ளிருந்த கையும் திறந்தது. அக்கா நீளமாக மூச்சுவிட்டார். வலி கொஞ்சம் இறங்குகிறது என்றார். பயிற்சி முடிந்து பெட்டியை எடுத்துவைக்கப் போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். “நான் எந்திரிச்சுப் போனப்புறம் அது எங்க போவும் மேடம்?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. 

அடுத்த முறை வந்தபோது வலது கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் வளையலே போடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு கையில் போட்டால் இன்னொரு கைக்குக் குறையாகிவிடும் என்பது காரணம். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தபோது இரண்டு கைகளிலும் பச்சை வளையல் இருந்தது. நீண்ட நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி கொஞ்ச நேரத்துக்குத்தான் உதவியது. சில நாட்கள் அதுவும் கிடையாது. சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவார் என்று அண்ணன் சொல்வார். திருச்சியில் வலிக்கென்றே இருக்கும் ஒரு மருத்துவரிடம் அனுப்பினோம். வெட்டுப்பட்ட இடத்தில் நரம்பு முடிச்சுப் போட்டிருக்கிறது, அதற்கு இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும், அதன்பிறகும் மருந்து தொடர வேண்டும் என்று அவர் சொன்னார். அந்தச் செலவைத் தாங்கும் குடும்பம் அல்ல அது.

அண்ணனும் அக்காவும் மில்லுக்குப் போய்க் கேட்டார்கள். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினாராம். உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பிறகு கேட்டாராம்: “கைக்குத்தான் குடுத்தாச்சே. இல்லாத கைக்கு என்னம்மா வைத்தியம்?”

இந்தக் கேள்வியை அக்கா எங்களிடம் எத்தனையோ முறை திரும்பச் சொல்லியிருக்கிறார். கோபமாகச் சொல்ல மாட்டார். அவரைவிட்டு அது போகவில்லை, அவ்வளவுதான். டீயைப் பாதி குடித்திருந்தபோது அதைக் கேட்டதாகவும், மீதியைக் கீழே வைக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் வைத்திருந்ததாகவும் சொல்வார்.

வேலை செய்யும் இடத்தில் பட்ட காயத்துக்கு ஆகும் மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது சட்டம். புண் ஆறிய பிறகு வரும் வலியும் அந்தக் காயத்தைச் சேர்ந்ததுதானா என்பதில்தான் தகராறு. இப்படிப்பட்ட வழக்குகளை எடுத்து நடத்தும் வக்கீல் ஒருவர் கிடைத்தார். திருச்சியில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு போட்டார்கள். வாய்தா வாய்தாவாகப் போயிற்று. அதற்குள் அக்கா வட்டிக்கு வாங்கி அந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டார். வலி குறைந்தது, ஆனால் போகவில்லை.

மருத்துவமனையில் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் சாட்சி சொல்லப் போனேன். பெரிய நீதிமன்றம்போல ஏதோ எனக்குள் கற்பனை இருந்தது. மேசையும் மின்விசிறியும் வரிசையாக நாற்காலிகளும் உள்ள சாதாரண அறைதான். விசாரணை அதிகாரி நிதானமானவர். மில் தரப்பு வக்கீல் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. இந்த வலியை எக்ஸ்ரேயில் பார்க்க முடியுமா என்றார். முடியாது என்றேன். ரத்தப் பரிசோதனையில் தெரியுமா என்றார். தெரியாது என்றேன்.

“அப்ப வலி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவங்க சொல்றாங்க” என்றேன்.

அவர் லேசாகச் சிரித்துவிட்டு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். நரம்பு முடிச்சைப் பற்றியும், மூளை கையைத் தேடுவதைப் பற்றியும் நான் தயார் செய்துகொண்டு போனதைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. எங்கள் வக்கீல் மறுபடி எழுந்து கேட்டு அவற்றைச் சொல்லவைத்தார். ஆனாலும் அந்தச் சிரிப்பு அறையில் அப்படியே இருந்தது.

பிறகு அதிகாரி அக்காவைப் பேசச் சொன்னார். வலி எப்படி இருக்கும் என்று கேட்டார். எங்களிடம் முதல் நாள் சொன்னதைத்தான் அங்கும் சொன்னார். விரல் மடங்கிக் கிடப்பது, நகம் குத்துவது, பிரிக்க முடியாதது. சொல்லும்போது வலது கையைக் காற்றில் கொண்டுபோய் அந்த இடத்துக்குச் சற்று மேலே நிறுத்தினார். அதிகாரியின் கண்ணும் அந்த வெற்றிடத்துக்குப் போய் நின்றதை நான் பார்த்தேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவர் கேட்டார். அக்கா அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“எங்கைய எங்க போட்டீங்க?”

மேனேஜர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்லவில்லை.  அக்கா மறுபடி கேட்கவில்லை. பதில் வரும் என்பதுபோலக் காத்திருந்தார். நான் இன்றைக்கும் அந்த அறையைக் கனவில் காண்கிறேன். கனவிலும் யாரும் பதில் சொல்வதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். இடது பக்கம் யாரும் உட்காரக் கூடாது என்பது அவர் வழக்கம். கை நசுங்கும் என்பார். அந்தக் கேள்வியை முன்பே கேட்க நினைத்திருந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். “அந்தாளு மொகத்தப் பாத்ததும் வந்துச்சு. எல்லாரும் இருக்கா இல்லயான்னே பேசிக்கிட்டு இருந்தீங்க. இருந்துச்சுல்ல ஒரு கை. அத யாரோ எடுத்துருக்கணும்ல.”

பல மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. வலிக்கான சிகிச்சையும் அந்தக் காயத்துக்கான சிகிச்சைதான், செய்த செலவையும் இனி ஆகும் செலவையும் மில் ஏற்க வேண்டும் என்று அதில் இருந்தது. வக்கீல் அதைப் படித்துக் காட்டியபோது அக்கா ஒரு வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். வலி இருப்பதை ஏற்கிறேன் என்று அதிகாரி எழுதியிருந்த வரி. படிக்கப் படிக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் மில் இழுத்தடிக்காமல் இல்லை. என்றாலும் திருச்சி மருத்துவரிடம் போவதும் மருந்து வாங்குவதும் அன்றிலிருந்து தடைபடவில்லை. வலி பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு இறங்கியது. ஒற்றைக் கையால் பருத்தி எடுக்கவும் பழகிக்கொண்டார்.

அந்த விசாரணையைப் பற்றி ஊரில் பேச்சு அடிபட்டிருக்க வேண்டும். ஒருநாள் வயதான ஒருவர் எங்கள் அறை வாசலில் வந்து நின்று கொளஞ்சியம்மா வருவார்களா என்று கேட்டார். அடைக்கலம் என்று பெயர் சொன்னார். அந்த மில்லில் வாட்ச்மேனாக இருந்து நின்றுவிட்டவர். அக்கா அன்று வந்திருந்தார். இருவரையும் சன்னலோரப் பெஞ்சில் உட்காரவைத்தேன். நான் விலகப் போனபோது அக்கா என்னையும் இருக்கச் சொன்னார்.

விபத்து நடந்த அன்று இயந்திரத்தைக் கழுவும் வேலை தன்னிடம்தான் வந்தது என்றார் அடைக்கலம். பஞ்சோடு பஞ்சாகக் கிடந்ததை ஒரு கோணிச் சாக்கில் சுருட்டி எடுத்து, மில்லின் பின்பக்கச் சுவரோரம் குழி தோண்டிப் புதைத்தாராம். நாய் தோண்டாமல் இருக்க மேலே கல் வைத்தாராம். கையில் கற்பூரம் இருந்தது, கொளுத்திவைத்துவிட்டு வந்தேன் என்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வெரலு மடங்கியிருந்துச்சாண்ணே?”

“நான் பாக்கலம்மா. சாக்கப் போட்டுச் சுருட்டிதான் எடுத்தேன். பாக்கத் தெம்பு வரல.”

அக்கா தலையசைத்தார். அவருடைய வலது கை எழுந்து, தெரியாமலேயே அந்த வெற்றிடத்தை நோக்கிப் போனது.

பருவம் முடிந்து மில் மூடிக் கிடந்த நாளில் அங்கே போனோம். அடைக்கலம்தான் முன்னால் நடந்தார். சின்னதுரை அண்ணன் ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்திருந்தார். புதைத்ததைத் தோண்டியெடுத்து விரல்களை நேராக்கி வைத்தால் வலி நின்றுவிடும் என்று அவருடைய சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் அதை முழுதாக நம்பினாரா தெரியாது. எதையும் விட்டுவைக்க அவருக்கு மனமில்லை. சுவரோரம் சிதறி விழுந்த பருத்திக் கொட்டைகள் தானாகவே முளைத்துச் செடியாகி நின்றன. சிலவற்றில் காய் வெடித்து வெள்ளையாகத் தெரிந்தது. அவற்றுக்கு நடுவில் அந்தக் கல் இருந்தது.

அண்ணன் கல்லைப் புரட்டக் குனிந்தார். அக்கா தடுத்தார்.

“வேணாம். அது செத்துப்போச்சு. அதத் தொந்தரவு பண்ணாத.”

“ஒரு தடவ பாத்துட்டா மனசு ஆறும்ல” என்றார் அண்ணன்.

“அதுக்கு வலிக்கல. வலிக்கிறது இங்க” என்றார் அக்கா. அவர் நிலத்தைக் காட்டவில்லை, முனையையும் காட்டவில்லை. காற்றில் இருந்த அந்த இடத்தைக் காட்டினார்.

அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வெயில் ஏறும்வரை நாங்கள் நால்வரும் அங்கேயே நின்றோம். அடைக்கலம் மட்டும் கல்லைச் சுற்றியிருந்த களையைப் பிடுங்கினார். யாரும் கற்பூரம் கொண்டுவந்திருக்கவில்லை. போகும்போது அக்கா திரும்பிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். இறந்த ஒரு கையை விட்டுவிட்டு, இறக்காத ஒரு கையோடு அவர் பஸ் ஏறினார் என்று அன்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்திலிருந்து இன்னும் நான் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் அறைக்கு வரும் மற்றவர்களோடு அவர் பேச ஆரம்பித்தார். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அரும்பாவூர் பக்கம் மர அறுவை இயந்திரத்தில் மூன்று விரல்களை இழந்த ஒருவர், தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று பயந்து வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, போன விரல்களில் எது அதிகம் வலிக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டார். அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். வேலை செய்த இடத்தில் அடிபட்டது என்பதை முதல் நாளே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், பிறகு வரும் வலியையும் அதே வாயால் சொல்ல வேண்டும் என்று அக்காதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். யாராவது நம்பாதவர்களைத் திட்டினால் அடக்கிவிடுவார். “அவங்கள ஏன் ஏசுறீங்க. அவங்களுக்கு வலிக்கல, அவ்ளோதான்” என்பார்.

அவரும் எப்போதும் பொறுமையாக இருந்தவர் அல்லர். வலி மிகுந்த நாட்களில் என் மேலே எரிந்து விழுவார். உனக்கு ரெண்டு கையும் இருக்கு, நீ பேசுவ என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார். மறுநாள் முறுக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்துகொண்டார்.

அவருடைய காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது சின்னதுரை அண்ணன் என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார்.  அக்கா இறந்த அன்று காலை நடந்ததைச் சொன்னார்.

விடிந்ததுமே கை வலிக்கிறது என்று அக்கா சொல்லியிருக்கிறார். இடது கை. அது தினமும் கேட்கிற பேச்சுத்தான். அண்ணன் எண்ணெயைச் சூடு பண்ணி முனையில் தேய்த்துவிட்டார். இன்றைக்கு என்னவோ தோள்பட்டை வரைக்கும் ஏறுகிறது என்றாராம் அக்கா. மறுபடியும் தேய்த்துவிட்டார். வீட்டிலேயே ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து கையை மூடித் திறந்து பார்த்திருக்கிறார். இறங்கவில்லை. காட்டுக்கு வர வேண்டாம் என்று அண்ணன் சொன்னதைக் கேட்காமல், வேலை பார்த்தால் மறந்துவிடும் என்று கிளம்பியிருக்கிறார்.

“அவ சொன்னது எந்த வலி மேடம்?” என்று கேட்டார் அண்ணன்.

இதயத்தின் வலி பலருக்கும் இடது கையில் இறங்கும். அந்தக் கை இல்லாதவர்களுக்கு, இல்லாத கையிலேயே இறங்கும். எனக்கு இது தெரியும். செய்தி வந்த அன்று பஸ்ஸில் போகும்போதே எனக்கு இது தோன்றிவிட்டது. யாரும் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் இத்தனை நாள் இருந்தேன். பழைய வலிதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இந்த மனிதரிடம் அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. வலியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பொய் சொன்னதில்லை.

“நெஞ்சு வலி இடது கையில தெரியும்ணே. கை இல்லாதவங்களுக்கும் அங்கதான் தெரியும்” என்றேன்.

அவர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். “அப்ப நான் தேய்ச்சுக்கிட்டு இருந்தது...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

“அவங்க வலிக்குதுன்னு சொன்னாங்க, நீங்க நம்புனீங்க. மொதல் நாள்லேருந்து ஒரு தடவகூடச் சந்தேகப்படாத ஆளு நீங்கதான்ணே.”

“நம்பி என்ன மேடம் ஆச்சு” என்றார்.

 தமிழ்ச்செல்வி வந்து பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். அண்ணன் சாலைவரை கூடவே வந்தார். பஸ் வந்து நான் ஏறும்வரை என் இடது பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டே நின்றிருந்தார் என்பதை ஏறிய பிறகுதான் கவனித்தேன். அத்தனை வருடப் பழக்கம்.

அக்கா மறைந்த பிறகு, அறையில் யாராவது வலியைச் சொல்லும்போது என் கண் அவர்கள் காட்டும் இடத்துக்கு அப்பால் போய் நிற்கிறது. அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது ஒரு கேள்வி. அவர் உயிரோடு இருந்தபோது அதைக் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவருடைய மரணம்தான் அதைக் கொடுத்தது. வலிக்கிறது என்பவரை நம்புவதோடு நான் இப்போது நிறுத்துவதில்லை. இது நேற்றைய வலிதானா, புதிய வலியா என்று கேட்கிறேன். பதில் வரும்வரை அடுத்த வேலைக்குப் போவதில்லை.

போன வாரம் இடது கையை இழந்த ஒருவர் வந்தார். ஆண்டிமடம் பக்கத்து ஆள். கல் உடைக்கும் ஆலையில் வேலை செய்தவர். கை வலிக்கிறது என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, அதே பழைய வலிதான் என்றார். இருந்தாலும் ஈசிஜி எடுத்துவிட்டு வரச் சொன்னேன். கை வலிக்கு எதற்கு நெஞ்சில் பரிசோதனை என்று அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, கொளஞ்சி அக்காவைப் பற்றிச் சொன்னேன்.